சாமி பட கவருக்குள்ள திருடன்

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. சாமி பட டேப்பைச் சரோஜா ஆன்டி வீட்ல கொடுக்கணும். நாலு வீடு தள்ளி. அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ்ல எங்க வரிசைப் பொம்பளைங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்டி வீட்ல பஜனை பாடுவாங்க. முடிஞ்சதும் கடலையைக் கொறிச்சுக்கிட்டே வீடியோல ஒரு சாமி படம்.

நான் படிவம் அஞ்சோட பள்ளிக்கூடம் முடிச்சிட்டு வீட்ல கிடந்தேன். திங்கக்கிழமை பெட்டாலிங் ஜெயா பேக்டரியில வேலைக்குச் சேரணும். அம்மா அரை மனசாத்தான் சம்மதிச்சாங்க.

"மூணு நாளு ஒழுங்கா இரு. ஒரு கம்ப்ளேன் வந்துச்சு, வேலையும் கிடையாது ஒண்ணும் கிடையாது!"

டேப்பைக் கொடுத்தேன். வந்தேன். எனக்குன்னு ஒளிச்சு வெச்சிருந்த இன்னொரு டேப்பைப் போட்டேன்.

சங்கு ஊதுச்சு. மயில் மேல முருகன் வந்தாரு.

செத்தேன்!

என் டேப்புல இருக்க வேண்டியது முருகன் இல்ல, திருடன். மட்டமான படம். மொத்தப் படத்துக்கும் ரெண்டே வீடு, திருடனுக்கு ஒரே சட்டை. வாளி மேல ஏறி ஜன்னல் வழியா பொம்பளைங்களை எட்டிப் பாப்பான், அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் திருடுவான். பாதிதான் பாத்திருந்தேன். அம்மா கண்ணுல படக்கூடாதுன்னு அதே மாதிரி சாமி பட கவருக்குள்ள போட்டு வெச்ச கெட்டிக்காரி நானேதான். கவர் மாறிப் போச்சு.

முருகன் டேப்பை இடுப்புல சொருகிக்கிட்டு ஓடினேன். நல்ல வேளை, பஜனை இன்னும் முடியல. ஆனா முன் ஹால் நிறைய பொம்பளைங்க. முதல் வரிசையில அம்மா, கையில ஜால்ரா. அந்தப் பக்கம் போக முடியுமா?

பின் சந்துக்குப் போனேன். டிவி பின் ரூம்லதான். வாளியைக் கவுத்துப் போட்டு ஏறி எட்டிப் பாத்தேன். டேப் ஜன்னல் ஓரமாவே இருந்துச்சு!

ஜன்னல்ல கண்ணாடிப் பட்டைங்க. ஓரத் தகரத்தை நெளிச்சா பட்டை வழுக்கிட்டு வந்துரும். எனக்கு எப்படித் தெரியும்? அதான் பாதிப் படம் பாத்தேனே!

ரெண்டு பட்டையைக் கழட்டிக் கீழ வெச்சேன். கையை உள்ள விட்டேன்.

"பென்சூரி! பென்சூரி!"

எதிர் வீட்டுச் சீன அங்கிள். திருடன்னு மலாய்ல கத்தி சந்துல இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டாரு. வாளி உருண்டுச்சு, நானும் உருண்டேன். பஜனை நின்னு போச்சு.

எல்லாரும் ஓடி வந்தாங்க. ஆன்டி கையில விளக்குமாறு.

"அடடே, நம்ம பொண்ணு லா! ஏம்மா, கதவைத் தட்டினா தொறக்க மாட்டோமா?"

பொய் யோசிக்க நேரம் இல்ல. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

"எட்டிப் பாக்குற படமா? முருகன் கவர்லயா?" அம்மா ஜால்ராவை ஓங்கினாங்க.

ஆன்டி குறுக்க வந்தாங்க. "இருங்க லா. எவ்வளவு மோசம்னு பாத்தாத்தானே தெரியும்? அஞ்சு நிமிஷம் போடுங்க."

முழுசா பாத்தாங்க! "பின்னாடி பாருடி, ஜன்னல்ல நிக்கிறான்!"னு கதாநாயகியைப் பாத்துக் கத்தினதே எங்க அம்மாதான். முருகன் என் மடியில காத்துக்கிட்டிருந்தாரு.

வீட்டுக்கு நடக்கும்போது மெதுவா கேட்டேன். "அம்மா, திங்கக்கிழமை..."

"போ! கண்டிப்பா போ! வீட்ல இருந்தா இன்னும் என்னென்ன கத்துக்குவியோ! நாளைக்குக் காலையில முதல் வேலையா ஆன்டி வீட்டுக் கண்ணாடியை மாட்டிட்டு வா."

ஒரு மணி நேரம் நின்னேன், மாட்டத் தெரியல. படத்துல அவன் கழட்டினதோட சரி.