டூலாவை அண்ணியாக்கிய கதை

உறுதி செய்யாத செய்தியை அச்சுக்கு அனுப்பாதே என்று, புதிதாக வேலைக்குச் சேரும் நிருபர்களுக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். ஒரு தரப்பிடம் மட்டும் பேசிவிட்டு வந்தவர்களைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் மனைவியின் பிரசவத்தில் நான் செய்த காரியத்தை அவர்களில் ஒருவர் செய்திருந்தால், அவர் இன்று வேறு தொழிலில் இருப்பார்.

அப்போது பாரிவாக்கத்தில் குடியிருந்தோம். நித்யா செம்பரம்பாக்கம் அருகே ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். இருபது ஆண்களை அதட்டி லாரியில் சரக்கு ஏற்ற வைக்கிறவள். அவள் பயந்த ஒரே இடம் பிரசவ அறை. உடன் வேலை பார்த்த பெண் ஒருத்தி, எங்கோ ஒரு மருத்துவமனையில் ஆறு மணி நேரம் தனியாகக் கிடந்து, கத்தியதற்குத் திட்டும் வாங்கி வந்திருந்தாள்.

“திட்டாம ஒருத்தர் என் கையப் புடிச்சிக்கினு இருந்தா போதும்பா. வேற எதுவும் கேக்கல” என்றாள் நித்யா.

“அத்தை இருக்காங்களே?”

“அம்மாவா? எனக்கு ஊசி போட்டா அது அழும்.”

அப்படித்தான் டூலா என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. டூலா டாக்டருமில்லை, நர்ஸுமில்லை. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் அதற்குப் பிறகு சில வாரங்களும் துணைக்கு நிற்பவர். வலிக்கும்போது முதுகை அழுத்திவிடுவார், மூச்சு விடக் கற்றுத் தருவார், கையை விடமாட்டார்.

அம்பத்தூரிலிருந்து கல்பனா வந்தார். நாற்பது வயது, கண்ணாடி, நல்ல உயரம். ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பெரிய நீலப் பந்தைக் கட்டியிருந்தார். (கர்ப்பிணிகள் அதன் மேல் உட்கார்ந்து இடுப்பை அசைக்க வேண்டுமாம். தெருவே திரும்பிப் பார்த்தது.) நான் இருபத்தேழு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். பத்தொன்பதாவது கேள்வியில் அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “சார், டெலிவரி உங்களுக்கா, அவங்களுக்கா?” என்றார். நான் அசரவில்லை. அவர் துணை நின்ற மூன்று தாய்மார்களுக்குப் போன் செய்து விசாரித்தேன். அதில் ஒருவர், “நீங்க போலீஸா?” என்று கேட்டார். பெருமையாக இருந்தது.

கல்பனா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “ஆஸ்பத்திரில என்னை உள்ள விடுவாங்களான்னு கேட்டுட்டீங்களா?”

“அதெல்லாம் பேசிட்டேன்.”

பேசவில்லை. திங்கட்கிழமை பேசலாம் என்று நினைத்திருந்தேன். எந்தத் திங்கட்கிழமை என்று முடிவு செய்யவில்லை. எட்டாம் மாதத்தில் மறுபடியும் கேட்டார். மறுபடியும் ‘பேசிட்டேன்’ என்றேன். பத்திரிகைக்காரன் கேட்டால் யார் மறுப்பார்கள் என்ற நினைப்பு வேறு.

என் மாமியார் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். விஷயம் தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார்.

“இன்னா மாப்ள, நான் கீறச் சொல்லவே எம் பொண்ணு கையப் புடிக்க வெளியாள் வெக்கிறீங்களா? நான் இன்னா செத்தா பூட்டேன்?” என்றார். அழவும் செய்தார். அன்றிலிருந்து கல்பனாவுக்கு அவர் வைத்த பெயர் ‘பந்துக்காரம்மா’.

அந்த நாள் காலை பத்து மணிக்கு, மூன்றாவது இட்லியில் நித்யாவுக்கு வலி வந்தது. கல்பனா அரை மணியில் வந்து சேர்ந்தார். மதியம் வரை வீட்டிலேயே முதுகை அழுத்தி, நடக்க வைத்து, பந்தில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார். நித்யா இடையில் ஜோக்குகூட அடித்தாள். நான் வலி வந்த நேரங்களைக் குறித்துக்கொண்டே, இப்படித் திட்டமிட்ட கணவன் இந்த வட்டாரத்தில் உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு பூந்தமல்லி நர்சிங் ஹோமில் இறங்கினோம். மாமியார் கம்பெனி கோட்டோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, எங்களுக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். நித்யாவைச் சக்கர நாற்காலியில் பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே தலைமை நர்ஸ் நின்றார்.

“ஒரு லேடீஸ்தான் உள்ள. அம்மா, இல்லன்னா கூடப் பொறந்தவங்க. வெளியாள் கூடாது. நீங்க யாரு?”

“டூலா” என்றார் கல்பனா. “சார் ஏற்கெனவே பேசியிருக்காரு.”

“யார்கிட்ட பேசினாரு?”

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்காவது ஆள், சக்கர நாற்காலியில் கழுத்தைத் திருப்பியிருந்த என் மனைவி. டூலாவிடம் இருபத்தேழு கேள்விகள் கேட்டவன், நர்சிங் ஹோமிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

“திங்கக்கிழமை பேசலாம்னு…” என்றேன்.

நித்யாவுக்கு அடுத்த வலி வந்தது. “கல்பனாக்கா” என்று கையை நீட்டினாள். நாற்காலி உள்ளே போய்விட்டது.

“அம்மா, நீங்க வாங்க” என்றார் நர்ஸ்.

மாமியாருக்கு ஏழு மாதமாகக் காத்திருந்த வெற்றி அது. ஒரு அடி எடுத்து வைத்தார். உள்ளிருந்து நித்யா கத்தினாள். மாமியாரின் உதடு கோணியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் நின்றார். முந்தானையால் முகத்தை ஒரே இழுப்பாகத் துடைத்துக்கொண்டு, கல்பனாவின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

“இவ எம் மூத்த பொண்ணும்மா. இவளை உடு.”

நர்ஸ் ஐந்தடிக்கும் குறைவான மாமியாரையும், அவரைவிட ஒரு முழம் உயரமான கல்பனாவையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு ஜாடையும் காணோமே?”

“அவ அப்பன் ஜாடை. அந்தாளு போய் எட்டு வருசம் ஆச்சு, இல்லன்னா இட்டாந்து காட்டுவேன்.”

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார்.”

இரண்டாவது தரப்பின் உறுதி கேட்கப்படுகிறது என்பது எனக்குப் புரிந்தது.

“ஆமாங்க, நித்யாவோட அக்கா. எனக்கு அண்ணி முறை” என்றேன். நான் மனமறிந்து உறுதி செய்த முதல் பொய்ச் செய்தி.

நர்ஸ் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வழி விட்டார். கல்பனா செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தார். போகிற போக்கில் பந்தை என் கையில் திணித்தார். பந்துக்கு அனுமதி இல்லை. மூன்றரை மணி நேரம் அந்த வராந்தாவில் நீலப் பந்தை அணைத்தபடி நின்றேன். பக்கத்தில் காத்திருந்த ஒரு ஆட்டோக்காரர், “இன்னா அண்ணாத்தே, கொயந்த வரதுக்குள்ள வெளாட்டு சாமான் வாங்கிட்டியா?” என்றார். அழுதுகொண்டிருந்த மாமியார்கூடச் சிரித்தார்.

நாலரைக்குப் பெண் பிறந்தாள். கல்பனா ஒரு நிமிடம்கூடக் கையை விடவில்லை என்று நித்யா சொன்னாள். என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை வேறு: “பேசிட்டேன்னு சொன்னியே?”

சொன்ன பொய்யை மாமியார் திரும்பப் பெறவில்லை. குழந்தைக்குக் காது குத்தியபோது, பந்துக்காரம்மா மூத்த மகளாக முன்வரிசையில் உட்கார்ந்தார். திருவேற்காடு கோயிலில் அந்த நர்ஸ் எதிரே வந்து, “பெரிய பொண்ணு எப்படி இருக்காங்க?” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டபோது, “அம்பத்தூர்ல கீறா, நல்லா கீறா” என்றார் மாமியார், கண் இமைக்காமல். நானும் கல்பனாவை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். அவரும் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். நேராக நித்யாவிடம் கேட்டுக்கொள்கிறார்.

எங்கள் வீட்டில் இப்போது செய்யாத வேலைக்கெல்லாம் ஒரே பெயர்தான். பிளம்பரைக் கூப்பிட்டாயிற்றா, கேஸ் பதிவு செய்தாயிற்றா என்று யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பதில் சொல்லிவிடுவார். போன வாரம் என் மூன்று வயது மகளிடம், பல் தேய்த்தாயா என்று கேட்டேன். காய்ந்த பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்:

“அதெல்லாம் பேசிட்டேன்.”