மோட்டார் ரூமில் ஐந்து போன்கள்

கௌசி, சரவணா,

இதை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். உங்கள் பெயர் வரும் இடத்தில் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'நீ', 'நீ' என்று எழுதிப் பார்த்தேன். பாதியில் எந்த 'நீ' யார் என்று எனக்கே குழம்பிவிட்டது. (குழப்பம் உங்கள் அப்பாவுக்குப் புதிதில்லை. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.)

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரே வீட்டில், ஒரே வைஃபையில், போனுக்கு ஒரு வேகமும் லேப்டாப்புக்கு ஒரு வேகமும் ஏன் வருகிறது என்பது எனக்கு இன்றைக்கும் முக்கால்வாசிதான் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன்பு கால்வாசி தெரிந்தது. அந்தக் கால்வாசியை வைத்துக்கொண்டு முழுசாகத் தெரிந்தவனைப் போல நடந்துகொண்டேன்.

அப்போது கௌசி பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இரண்டு சுற்றுத் தேர்வு முடிந்து, நேர்முகம் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, வீட்டிலிருந்தபடியே, லேப்டாப்பில். அதற்கு முன் நான்கு இடங்களில் அவளை வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் காரியாபட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலைக்குப் போகிறேன் என்றாள். அந்த வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

லேப்டாப் என் மச்சினன் மகன் படித்து முடித்துவிட்டுக் கொடுத்தது. மூடியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால்தான் படம் தெரியும். நேர்முகத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கௌசி ஒத்திகை பார்க்க உட்கார்ந்தாள். திரையில் அவள் தோழியின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. நான் போய் என் போனையும் அந்த லேப்டாப்பையும் ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேகத்தைப் பார்க்கச் சொன்னேன். என் போனில் தொண்ணூறைத் தாண்டியது. லேப்டாப்பில் ஏழு.

"ஏத்தா, இம்புட்டுப் பெருசுக்கு ஏழு, உள்ளங்கை அளவு இருக்குறதுக்குத் தொண்ணூறா? இது என்ன நியாயம்?"

"அளவப் பாத்து வர்றதில்லப்பா."

"அப்பறம் எதப் பாத்து வருது?"

அவளுக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பும், அதற்கு மேல் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் பரீட்சையும். என் அறிவெல்லாம் அந்தப் பரீட்சையில் இருந்து வந்தது. எனவே நான் செய்த வைத்தியமும் அங்கிருந்தே வந்தது. வைஃபை பெட்டி சூடாக இருந்தது. சூடு எங்கள் தொழிலுக்கு ஆகாது. மேசை விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தேன். (அந்த வாரம் முழுக்கப் பெட்டி குளுகுளுவென்று இருந்தது. நாம் நான்கு பேரும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தோம்.) பிறகு, கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கிவிடும் என்பது விதி. வீட்டில் தகடு இல்லை. செம்புக் குடம் இருந்தது. லேப்டாப்பைத் தொடுமுன் குடத்தைத் தொட்டுவிட்டு வரும்படி கௌசியிடம் சொன்னேன். அவளும் பாவம், இரண்டு நாள் தொட்டாள். ஏழு என்பது ஆறானது.

கடைசியில் நெட் இணைப்புக் கொடுத்த செந்திலை வரவழைத்தேன். அவர் பொறுமைசாலி. கட்டிலில் உட்கார்ந்து எனக்கு ஏற்ற மாதிரி சொன்னார்.

"அண்ணே, பொட்டியில ரெண்டு பாதை இருக்கு. ஒண்ணு நாலுவழிச் சாலை. பறக்கலாம், ஆனா செவரு குறுக்க வந்தா படுத்துரும். இன்னொண்ணு சந்து. தூரமாப் போகும், ஆனா வேகம் கம்மி. அக்கம்பக்கத்து வீட்டுப் பொட்டியெல்லாம் அதே சந்துலதான் கெடக்கு. உங்க போனு புதுசு, ரெண்டுலயும் போகும். இந்த லேப்டாப்பு பழசு. இதுக்குச் சந்த மட்டுந்தாண்ணே தெரியும்."

"அப்ப நெரிசல்தான் காரணம்?"

"நெரிசலும் ஒரு காரணம்ணே. அதுபோக லேப்டாப்பு உள்ளுக்குள்ள தானா என்னத்தையாவது எறக்கிக்கிட்டே இருக்கும். அப்பறம்..."

அப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. நெரிசல் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். நெரிசல் எனக்குத் தெரிந்த விஷயம். எங்கள் வேலையில் ஓர் அறைக்கு நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் எட்டிப் பார்த்தாலே நான் கத்துவேன். வீட்டை எண்ணிப் பார்த்தேன். நான்கு போன், ஒரு டி.வி., ஒரு லேப்டாப். ஆறு! போன்களெல்லாம் இளவட்டம். முண்டியடித்து முன்னால் போய்விடுகின்றன. லேப்டாப் வயசாளி மாதிரி பின்னால் நிற்கிறது. போன்களை வெளியே அனுப்பினால் தொண்ணூறும் லேப்டாப்புக்குத்தான்!

இவ்வளவு எளிய விஷயம் செந்திலுக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டேன். கௌசி பத்தே முக்காலுக்கு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்கள் அம்மா மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுப் பொறுப்பு முழுக்க என்னிடம்.

எங்கள் கம்பெனி வாசலில், உள்ளே போகும் எவரும் போனை அணைத்துக் காவலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். முதலாளி வந்தாலும் அதே விதிதான். நான் பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றேன். முதலில் என் போனை அணைத்துப் போட்டேன். (மேலதிகாரி முன்மாதிரியாக இருக்க வேண்டும்.) அடுப்படியில் இருந்த உங்கள் அம்மாவின் போனையும் போட்டேன். அடுத்தது சரவணன்.

"ஏலே, போனக் குடு."

"எதுக்குப்பா? நான் வைஃபைய ஆஃப் பண்ணிட்டேன்ப்பா."

"ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்லித்தான் எல்லாரும் பைக்குள்ள வச்சிருப்பான். எத்தனை வருசமாப் பாக்கேன். போடுலே."

போட்டான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ராஜம் அக்கா கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தார். கையில் போன்.

"அக்கா, கொஞ்ச நேரத்துக்கு இதக் குடுங்க."

"ஏம்ப்பா, எம் போனுல எங்க வீட்டு நெட்டுல்ல இருக்கு?"

"எல்கைக்குள்ள வந்துட்டீகளேக்கா!"

அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கொடுத்துவிட்டார். விதியை உறுதியான குரலில் சொன்னால் யாரும் மீறமாட்டார்கள். இருபது வருடத்தில் நான் கற்றது.

அப்போதுதான் கூடத்து ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் கட்டையில் கௌசியின் போன் சார்ஜில் கிடந்தது. தொட்டால் கொதித்தது. எனக்கு மனசு உருகிவிட்டது. எவ்வளவு பதற்றத்தில் இருந்தால் பிள்ளை தன் போனையே அணைக்க மறந்திருப்பாள்! இதற்குத்தானே அப்பா என்று ஒருவன் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அதையும் அணைத்தேன். ஐந்து போன்கள். டின்னை மூடினேன். ஆபத்தான பொருளை வீட்டுக்குள் வைக்கக் கூடாது அல்லவா? கொல்லைப்புற மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தேன். கதவுக்கு வெளியே நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

உள்ளேயிருந்து கௌசியின் குரல் வந்தது. "ஹலோ சார்? சார், கேக்குதா சார்?"

கேள்வி கேட்பவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"சார்? சார்?"

கதவு திறந்தது. கௌசி நேராக ஜன்னலுக்கு ஓடினாள். சார்ஜர் ஒயர் மட்டும் தொங்கியது.

"யப்பா, எம் போன் எங்கப்பா?"

"பத்திரமா இருக்கு தாயி. எல்லாப் போனையும் ஆஃப் பண்ணி மோட்டார் ரூம்ல வச்சுப் பூட்டிட்டேன். இப்ப பாரு, நெட்டு பறக்கும்!"

"அந்தப் போன்ல இருந்துதான்ப்பா லேப்டாப்புக்கு நெட்டே வந்துச்சு."

இந்த வாக்கியத்தை நான் மூன்று முறை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன். போன்தானே நெட்டைத் தின்கிறது? தின்கிறவன் எப்படிப் பரிமாறுவான்?

வைஃபையை நம்ப முடியாமல் அவளே யோசித்து ஒரு வழி செய்திருந்தாள். தன் போனின் நெட்டை லேப்டாப்புக்குத் திருப்பிவிட்டிருக்கிறாள். ஜன்னலோரம்தான் டவர் நன்றாகக் கிடைக்கும் என்று போனை அங்கே வைத்திருக்கிறாள். வைஃபையில் லேப்டாப் இல்லவே இல்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் இல்லை. செம்புக் குடம் எதிரிலேயே இருந்தது.

ஓடினேன். கால் சறுக்கியது. பூட்டு திறக்க மறுத்தது. (சாவியைத் தலைகீழாகச் செருகியதைப் பூட்டின் மேல் போடுகிறேன்.) டின்னைத் திறந்து கைக்கு வந்த போனை அமுக்கினேன். அது பக்திப் பாட்டோடு விழித்துக்கொண்டது. ராஜம் அக்காவுடையது. அடுத்தது சரவணனுடையது. கௌசி வந்து தன் போனை எடுத்து, அது விழித்து, டவர் பிடித்து, லேப்டாப் அதைப் பிடித்து, உள்ளே போய்ப் பார்த்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. வெறும் கறுப்புத் திரை. அதில் அவள் முகமும் பின்னால் என் முகமும் தெரிந்தன.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. உட்கார்ந்து அவர்களுக்கு ஒரு மெயில் எழுதினாள். உங்கள் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து விவரம் கேட்டாள்.

"ஏங்க, பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்கீக, சரி. வீட்டையும் கம்பெனியாக்கணுமா? நாளைக்கு என்னையும் சோதன போட்டுத்தான் அடுப்படிக்குள்ள விடுவீகளா?"

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குப் பதில் வந்தது. இணைப்புத் துண்டிக்கப்படுவது சகஜம்தான், நாளை அதே நேரம் வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். நல்லவர்கள். கௌசி அப்போதுதான் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு உங்கள் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"சூலக்கரை வரைக்கும் போயிட்டு வாங்க."

"என்ன வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்க வேண்டாம். போயிட்டு மட்டும் வாங்க. பன்னெண்டு மணிக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்துறாதீக."

சரவணன் வாசல்வரை வந்து, "உங்க போன மட்டும் எடுத்துக்கங்கப்பா, மத்ததெல்லாம் இங்கனயே இருக்கட்டும்" என்றான்.

மிச்சம் ஊருக்கே தெரியும். கௌசிக்கு அந்த வேலை கிடைத்தது. இப்போதும் கோயம்புத்தூரிலிருந்து வந்தால், செருப்பைக் கழற்றுமுன் என் உள்ளங்கையில் தன் போனை வைத்து, "இந்தாங்க போர்மேன், டோக்கன் குடுங்க" என்கிறாள். ராஜம் அக்கா கறிவேப்பிலைக்கு வரும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட சரவணன் இந்தக் கதையை முழுசாகச் சொன்னான். மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே தன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் நேர்முகம் நன்றாக முடிந்ததும் மூன்று பேரும் மாறி மாறி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கிடைக்கவில்லை. ராஜம் அக்காவுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். பொய். சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது.

அன்றைக்குச் சூலக்கரையில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. வீடு எங்கேயோ இருக்கிறது. என் போன் வீட்டு வைஃபையில் இல்லை. கௌசியின் லேப்டாப்பும் அதில் இல்லை. இந்தப் போனுக்கும் அந்த லேப்டாப்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் செந்திலைத் தேடிப் போய், இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுத் தெளிந்திருந்தேன். எல்லாம் தெரியும்.

தெரிந்தும் போனை எடுத்து, பொத்தானைத் திரை கறுக்கும்வரை அமுக்கிப் பிடித்தேன்.

பக்கத்தில் மனுக் கொடுக்க வந்த ஒருவர் சத்தமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன். கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன். பிறகு எழுந்து பத்தடி தள்ளிப் போய், என் போன் உண்மையாகவே அணைந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.