சாம்பிராணி மிஸ் வருகிறார்

கண்டி நகரத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள் இருக்கலாம், பொலிசுக்குப் பயப்படாதவர்களும் இருக்கலாம். சாம்பிராணி மிஸ்ஸுக்குப் பயப்படாத ஓர் ஆளை நான் இதுவரை கண்டதில்லை. மனிதர்களை விடுங்கள். பக்கத்துக் கட்டடங்களில் ஜன்னலுக்குள் கைவிட்டு வாழைப்பழம் எடுத்துப்போகும் குரங்குகள்கூட எங்கள் அலுவலகப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

பெயரைக் கேட்டு யாரோ மந்தபுத்திக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எங்கள் காப்புறுதி அலுவலகத்தின் கிளை முகாமையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவர், பிறகு போகவே இல்லை. அந்தப் பட்டப்பெயர் அவர் பூசுகிற சென்டால் வந்தது. தணலில் குங்கிலியத்தைப் போட்டு, அது பாதி எரியும்போது தண்ணீர் தெளித்தால் ஒரு மணம் எழும்புமே, அதேதான். இனிப்பு மருந்துக்கும் கிடையாது. முதலில் மூக்கில் ஏறும், பிறகு தொண்டையில் உட்காரும், கடைசியில் நாம் என்றோ செய்த தப்பெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

"மிஸ், நீங்க ரோஸ், மல்லிகை எல்லாம் போட மாட்டீங்களா?" என்று எங்கள் டைப்பிஸ்ட் ரிஃப்கா ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டாள்.

"பூ மணமெல்லாம் மன்னிப்புக் கேக்கிற ஆக்களுக்குப் பிள்ளை. நான் ஒருதரிட்டையும் மன்னிப்புக் கேக்கிறேல்லை."

உண்மைதான். அந்த மணம் அவருக்கு மட்டுமே பொருந்தும். 'காலை வணக்கம்' என்பதையே குற்றப்பத்திரிகை வாசிக்கிற குரலில் சொல்லக்கூடிய ஒருவருக்குத்தான் பொருந்தும். அதை நான் பூசிக்கொண்டு போனால், "யார் வீட்டுல பூசை?" என்றுதான் கேட்பார்கள்.

ஒருமுறை பன்வில பக்கத்து ஆள் ஒருவர் நசுங்கிய வான் வண்டிக்கு இழப்பீடு கேட்டு வந்தார். மாடு குறுக்கே வந்ததாம்.

"மாடு எந்தப் பக்கத்தால வந்தது?" என்று மிஸ் கேட்டார்.

"இடது பக்கம் மிஸ்."

"இடது பக்கம் பள்ளமெல்லோ? மாடு பறந்து வந்ததோ?"

அந்த மனிதர் ஒருதரம் மூச்சை இழுத்தார். மணம் உள்ளே போனது. "மாடே இல்லைங்க மிஸ், நான்தான் தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் அலுவலகம் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஏற ஒரே ஒரு குறுகலான மரப்படி. மிஸ் கீழே கால்வைத்தவுடனே மணம் மேலே வந்துவிடும். படிக்குப் பக்கத்தில் உட்காரும் பியோன் நானா, பிலிமத்தலாவைக்காரர், மூக்கை உயர்த்தி "பத்த வெச்சாச்சு!" என்பார். உடனே கைபேசிகள் மேசை லாச்சிக்குள் போகும், வடைகள் வாய்க்குள் போகும், நாங்கள் ஆறு பேரும் பைல்களுக்குள் போய்விடுவோம்.

அவர் அறையில் நின்று திட்டு வாங்கிய நாட்களில் அந்த மணம் என் சட்டையோடு மஹய்யாவயில் என் வீடு வரை வரும். மனைவி மோந்து பார்த்து, "என்னங்க, இன்னைக்கு ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டாங்களா?" என்பாள். நான் ஏன் மறைக்கவேண்டும்? ஆமாம் என்பேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மிஸ் பேராதனையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நாங்களும் கொஞ்சம் மனிதர்களாக இருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் மணம் வந்தது.

"பத்த வெச்சாச்சு!" என்றார் நானா.

எல்லோரும் குனிந்தோம். மணம் ஏறியது, மிஸ் வரவில்லை. இன்னும் ஏறியது. அப்போதும் வரவில்லை.

"வாசல்ல நிண்டு பாத்துட்டு ஈக்காங்க போல. தலைய தூக்காதீங்க" என்று ரிஃப்கா கிசுகிசுத்தாள்.

கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது. இருமினால் மாட்டிக்கொள்வோம் என்று கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டேன். "யா அல்லாஹ், இண்டைக்குப் போத்தலோட ஊத்திட்டு வந்தீக்காங்க" என்று நானா முனகினார். காலையில் நான் அனுப்பிய அறிக்கையில் ஒரு பிழை இருந்தது எனக்குத் தெரியும். இவ்வளவு கோபமும் எனக்குத்தான் என்று நடுங்கிக்கொண்டே எழுதினேன். அந்தக் கிளையில் அன்றுபோல வேலை என்றுமே நடந்ததில்லை.

கதவு படாரென்று திறந்தது. நனைந்த சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மிஸ் நின்றார்.

"என்னடாப்பா செய்யிறியள்? கீழை பூசைச் சாமான் கடை பத்தி எரியுது! சாம்பிராணி மூட்டையெல்லாம் எரியுது! ஒருதருக்கும் மூக்கில்லையோ?"

நான் எழுந்து நின்று, "அந்த பைல் முடிஞ்சிருச்சு மிஸ்" என்றேன்.

அவர் திட்டவில்லை. அதுதான் எனக்கு மெய்யாகவே பயத்தைத் தந்தது. ரிஃப்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஒரு கையால் அவளையும் மறு கையால் என் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டு மிஸ் இறங்கினார், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். படியில் புகை கரும்போர்வையாக நின்றது, பக்கத்துச் சுவர் சுட்டது. என் பிள்ளைகளின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

எதிர்ப்பக்க நடைபாதைக்கு வந்ததும் மிஸ் விரல் நீட்டி எங்களை எண்ணினார். "ஆறு. ஒஃபீஸில ஏழு பேரெல்லோ? ஆர் உள்ளை நிக்கிறது?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்குள் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி உள்ளே ஓடிவிட்டார்.

தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது, ஆனால் வாகன நெரிசலுக்கு அந்தப் பக்கம் இருந்து. நானா எங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒருவரும் குறையவில்லை. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மிஸ் தன்னயே தேடிப் போயிட்டாங்க!"

நான் பல்லிக்குப் பயப்படுகிறவன். எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. மிஸ் எந்த மாடியில் நிற்கிறார் என்று மோந்தே சொல்லக்கூடிய எனக்கு அன்று ஒன்றும் பிடிபடவில்லை. கட்டடம் முழுக்க அவர் மணம்தான். மேலே இருந்து குரல் மட்டும் வந்தது. அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

"ஆர் இருக்கிறியள்? சத்தம் போடுங்கோ! பயப்பிடாதேங்கோ, நான் வாறன்!"

"மிஸ்! இறங்கி வாங்க!"

"ஒரு ஆள் குறையுது தம்பி!"

"அது நீங்கதான் மிஸ்!"

மேலே இருமல் ஒன்று கேட்டது. பிறகு, "நான் என்னை எண்ணேல்லையோ?" என்றார், சின்னப்பிள்ளை கேட்பதுபோல.

தடவித் தடவி இறங்கி வந்தவரின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். சற்று நேரத்தில் தீயணைப்புக்காரர்கள் வந்து அணைத்துவிட்டார்கள். கடையும் பாதிப் படியும் போயின. ஒருவருக்கும் ஒரு காயம் இல்லை. மிஸ் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, கரி அப்பிய முகத்தோடு எங்களை மறுபடி மெல்ல எண்ணினார். இந்த முறை தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

"சரி, கையை விடுங்கோ தம்பி. ஆக்கள் பாக்கினம்" என்றார்.

இத்தனை வருடம் அவரைக் கண்டு நடுங்கினவன் நான். அன்றைக்கு அவருக்காக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிஸ் சொல்லி நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.