தாய்மாமன் மடி

தக்காளித் தோட்டத்துக்குள் வந்த யானையை டார்ச் அடித்தே துரத்தியவன் மாது. பாப்பாரப்பட்டிச் சந்தையில் இதைச் சொல்லிக்கொண்டு திரிபவனும் அவனேதான். ஊசி என்றால் மட்டும் ஆளுக்கு உதறல். அடுத்தவருக்குப் போடுவதைப் பார்த்தாலே கண் இருட்டிவிடும். இது பெண்டாட்டி நிர்மலாவுக்குத் தெரியாது என்பது அவன் நினைப்பு.

"ஏங்க, நாளைக்குப் பாப்பாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி. நீங்கதான் மடியில வெச்சுப் புடிக்கணும்."

ரெண்டு வயது பூவிழி போன மழைக்கு ஃப்ளூ காய்ச்சலில் அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அத்தனை நாளும் சோறு இறங்காமல் அழுதவன் மாது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வருமா? மூளை மட்டும் வேலை செய்தது.

"ஊசி போட்டே ஆவணும், நிர்மலா. ஆனா எங்க வூட்டு வழக்கப்படி, காது குத்துனாலும் சரி, ஊசி குத்துனாலும் சரி, புள்ள தாய்மாமன் மடியிலதான் உக்காரணும்."

"அங்கன்வாடியில போட்டதெல்லாம்?"

"அது... கவர்மெண்ட் ஊசி. அதுக்கு விலக்கு உண்டு."

"எங்கண்ணன் ஓசூர்ல இல்ல இருக்குது?"

"ஞாயித்துக்கெழம வரட்டும். சீரெல்லாம் வேணாம், மடி போதும்."

"நீங்க சொன்னா சரிதாங்க," என்று நிர்மலா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணமாகி அஞ்சு வருஷத்தில் அவள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. மாது அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் மச்சான் பிரபாகர் மடியில் பூவிழி உட்கார்ந்தது. சுருக்கென்று ஒரு ஊசி, ரெண்டு சிணுங்கல், கையில் ஒரு மிட்டாய். முடிந்தது. சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்ற மாது, தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு கலைமதி வந்தாள். மாதுவின் கூடப்பிறந்த தங்கை, பிரபாகரின் பெண்டாட்டி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். அவள் இடுப்பில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று: இரட்டைப் பிள்ளைகள்.

"அண்ணா, எல்லா ஊசிக்கும் தாய்மாமன் மடிதானாமே? அண்ணி போன்ல சொல்லுச்சு. நம்ம வூட்டு வழக்கம் எனக்கே தெரியல பாரேன்! இதுங்களுக்கும் ஃப்ளூ ஊசி போடணும். நீதான தாய்மாமன்? உக்காரு!"

மாது நிர்மலாவைப் பார்த்தான். அவள் மும்முரமாகப் பூவிழியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தொடைக்கு ஒன்றாகப் பிள்ளைகள் ஏறின. முதல் ஊசிக்கு மாதுவுக்கு வியர்த்தது. ரெண்டாவதற்கு நர்சம்மாவே ரெண்டாகத் தெரிந்தாள்.

கண் விழித்தபோது பெஞ்சில் கிடந்தான். மூன்று பிள்ளைகளும் மிட்டாயைச் சப்பிக்கொண்டு அவனை வேடிக்கை பார்த்தன. நிர்மலா தடுப்பூசி அட்டையால் விசிறினாள்.

"யானையத் தொரத்துன ஆளுங்க," என்றாள் நர்சம்மாவிடம்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டையில் தேதி எழுதினார். "சின்னப் புள்ளைங்களுக்கு மொத தடவன்னா நாலு வாரம் கழிச்சு ரெண்டாவது டோஸ் உண்டு. கண்டிப்பா வரணும்."

"வந்துருவாருங்க டாக்டர்," என்றாள் நிர்மலா. "அவங்க வூட்டு வழக்கமாச்சே!"