மச்சானுக்கு, உங்கள் கார் குடித்த பெட்ரோல் விஷயமாக

திருவொற்றியூர் குப்பம்,
9.2.2003

என் மரியாதைக்குரிய மச்சான் ரவிக்குமார் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை குணசுந்தரியின் புருஷன் பொன்னுரங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடலம்மா புண்ணியத்தில் இங்கே நான், உங்கள் தங்கை, மகள் சௌமியா மூவரும் சௌக்கியம். கல்பாக்கத்தில் நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் என் குரலைக் கேட்டதும் நீங்கள் ரிசீவரை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பாதியாவது படித்துவிடுவீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். கோபத்தில் கிழிப்பதாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழியுங்கள். நல்ல சேதி பின்னால்தான் இருக்கிறது.

உங்கள் பழைய பியட் காரை நான் வாங்கி வந்த அன்று குப்பம் எப்படி இருந்தது என்பதை நீங்கள் பார்க்கவில்லை. வலை காயப்போட்டவர்கள் வலையைச் சுருட்டி வழிவிட்டார்கள். வடிவுடையம்மன் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவுக்குள் முதல் கியரிலேயே ஓட்டி வந்தேன். வேகமாகப் போனால் பார்க்கிறவர்களுக்குச் சரியாகத் தெரியாது அல்லவா. முப்பது வருடமாக விசைப்படகு இன்ஜினோடு வாழ்ந்தவன் நான். காசிமேட்டில் எந்தப் படகின் இன்ஜின் இருமினாலும் கரையில் இருந்தபடியே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். லைசென்ஸ் வாங்கியது கொஞ்சம் தாமதம் என்றாலும், கரையில் ஓடுகிற ஒரு சின்ன இன்ஜின் என்னை என்ன செய்துவிடும் என்றுதான் இருந்தேன். அது என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன் கேளுங்கள்.

ஒரு டேங்க் பெட்ரோலில் மகாபலிபுரம் போய்த் திரும்பி, மிச்சமும் இருக்கும் என்று நீங்கள் சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தீர்கள். என்னிடம் வந்த வண்டி ராயபுரம் போய் வருவதற்குள்ளேயே பெட்ரோல் முள்ளைக் கீழே தொங்கப்போட்டது. முதலில் யாரோ குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று நினைத்தேன். டேங்க் மூடிக்குச் சங்கிலி சுற்றி, படகுக்குப் போடுகிற பெரிய பூட்டைப் போட்டேன். சாவி கடலில் விழுந்துவிட்டது. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திக்கொண்டு, பின்னால் வரிசை கட்டிய ஆட்டோக்காரர்கள் எல்லாம் என் வம்சத்தையே விசாரிக்க, ஆள் வரவழைத்து ரம்பம் போட்டு அறுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் பக்கத்து வீட்டு அப்பாவு, மணலி பக்கத்துக் காற்றில் இருக்கிற தூசியெல்லாம் வண்டி மூக்கை அடைத்திருக்கும் என்றான். ஏர் ஃபில்டரைக் கழற்றி உதறியதில் அப்பாவு வீட்டில் காயப்போட்டிருந்த வேட்டிகள் கறுப்பாகிவிட்டன, பெட்ரோல் செலவு மட்டும் குறையவில்லை. டயரில் காற்று குறைந்தால் வண்டி பாரமாக ஓடும் என்று வேறொருவர் சொன்னார். கல் மாதிரி ஆகும்வரை அடித்தேன். அன்று ஒரு வேகத்தடையில் வண்டி எகிறியதில் உங்கள் தங்கையின் தலை கூரையில் இடித்தது, மடியில் வைத்திருந்த வஞ்சிரக் குழம்பு என் சட்டைக்கு வந்தது. குழம்பு போனதற்குத்தான் அவள் வருத்தப்பட்டாள், என் சட்டையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராயபுரத்தில் அப்துல் வஹாப் பாய் என்று ஒரு மெக்கானிக். கை சுத்தம், வாய் சுத்தம். அவரிடம் கொண்டுபோய் விட்டேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்கைப் பார்த்தார், பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டார், கடைசியில் அவரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வண்டி ஷோக்கா கீது நைனா, நீ இன்னாத்துக்கு பேஜாராவுற" என்றார். அன்று வீட்டுக்கு வருவதற்குள் வண்டி மறுபடி கறும்புகை விட்டது. நான் திரும்பிப் போனேன். அவர் மறுபடி ஓட்டினார். அவர் கையில் பூனைக்குட்டி மாதிரி போன வண்டி, என் கையில் வந்ததும் கள்ளுக்கடையிலிருந்து வந்தவன் மாதிரி ஆனது. மூன்றாவது முறை போனபோது, நீங்களும் பாயும் முன்பே தோஸ்துகள், இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னை ஓட்டுகிறீர்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். அதை அவரிடமே சொன்னேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இனி நம் மூளையைத்தான் நம்ப வேண்டும் என்று, பாரத்தைக் குறைக்கலாமென்று பின் சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டேன். பார்க்க சோபா மாதிரி அழகாகவே இருந்தது. ஆனால் அந்த வாரம் காசிமேட்டில் ஒரு கல்யாணம் இருந்ததை மறந்துவிட்டேன். பட்டுப்புடவை கட்டிய உங்கள் தங்கையைப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து அழைத்துப் போனேன். நான் பிரேக் அடிக்கும்போதெல்லாம் நாற்காலி முன்னால் வந்து என் தோளைத் தொட்டது, வண்டியை நகர்த்தும்போதெல்லாம் பின் கண்ணாடி வரை போனது. கல்யாண மண்டப வாசலில் நாற்காலியோடு சேர்த்து அவளை இறக்கினோம். அதைப் பார்த்தவர்கள் என்ன ஏது என்று கேட்டபோதுதான், அவமானத்தில் வாய் தவறி, எல்லாம் என் மச்சான் தலையில் கட்டிய ஓட்டை வண்டியின் வேலை என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மீன் ஏலம் விடுகிற இடத்திலும் சொன்னேன். அதற்கு மறுநாள் போனில் உங்களிடமே சொன்னேன். தங்கை புருஷனை ஏமாற்றிப் பிழைக்கும் நிலைமை எனக்கு இல்லை, இனி உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லி நீங்கள் போனை வைத்தீர்கள். உங்கள் குரல் நடுங்கியதை நான் கவனிக்கவில்லை, மூலையில் நின்ற உங்கள் தங்கை கவனித்திருக்கிறாள். அன்றோடு அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு வைத்தாள், மீன் வறுத்தாள், ஆனால் உப்பு வேண்டுமா என்பதைக்கூட சௌமியாவிடம் சொல்லித்தான் கேட்டாள். பேச்சில்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய்க் கிடப்பது மேல். காரை இழுத்துக்கொண்டுவந்து உங்கள் வாசலில் போட்டுவிட்டு உறவை முடித்துக்கொள்வது என்று நானும் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் சௌமியா வாயைத் திறந்தாள். "மாமா வெச்சிருந்தப்போ வண்டி நல்லாத்தான் ஓட்ச்சிப்பா. ஒருவாட்டி நான் ஓட்டிப் பாக்குறேன், அப்பால நீ திருப்பிக் குடு" என்றாள். நீ எதை ஓட்டுவாய் என்று கேட்டேன். உள்ளே போய் லைசென்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். போன வருடக் கோடை விடுமுறையில் கல்பாக்கத்தில் நீங்கள் இதே வண்டியில் அவளுக்குப் பழக்கிவிட்டீர்களாமே. குணசுந்தரிக்கும் தெரியுமாம். பெற்ற அப்பனுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டால், பெண்பிள்ளைக்கு எதற்கு ஸ்டியரிங் என்று நான் குதிப்பேன் என்று பயந்தார்களாம். நான் அப்படிக் குதிக்கிற ஆள் இல்லை. கொஞ்சம் குதித்திருப்பேன், அவ்வளவுதான்.

சோதனை இதுதான். டேங்கைக் காலி செய்து, ஒரு கேன் பெட்ரோல் மட்டும் ஊற்றி, எண்ணூர் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது. நான் ஓட்டியபோது அதே கேன் எர்ணாவூரைத் தொடுவதற்குள் தீர்ந்து, அப்பாவுவும் நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறோம். இந்த முறை சௌமியா ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், குணசுந்தரி பின்னால். சீட்டை மறுபடி பொருத்திவிட்டேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வண்டியைக் கிளப்பும் முன் அவள் குனிந்து பார்த்தாள். "அப்பா, இத்த ஏம்பா இதுல மாட்டி வெச்சிருக்க?" என்றாள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கிறது அல்லவா, அதில் என் சாப்பாட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. டிபன் கேரியர், தண்ணி பாட்டில், ஒரு ஸ்பானர், வெற்றிலைப் பொட்டலம் எல்லாம் உள்ளே. பை மாட்டத்தானே கொக்கி கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, பை கனத்தில் வெளியே வந்திருந்த அந்தக் குமிழை உள்ளே தள்ளினாள். அது சோக் என்றாள். குளிர்ந்து கிடக்கிற பெட்ரோல் இன்ஜினைக் கிளப்பும்போது கொஞ்ச நேரம் இழுத்து வைக்க வேண்டியதாம், இழுத்தபடியே ஓட்டினால் இன்ஜின் பெட்ரோலை மொண்டு மொண்டு குடிக்குமாம். என் டீசல் படகில் அப்படி ஒரு சங்கதியே கிடையாது மச்சான், எனக்கு எப்படித் தெரியும். வஹாப் பாயிடம் போகும்போதெல்லாம் சாப்பாட்டுப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். அவர் குமிழைத் தள்ளிவிட்டு ஓட்டியிருக்கிறார். திரும்பும்போது நான் மறுபடி மாட்டியிருக்கிறேன். பின்னாலிருந்து என்னவோ சத்தம் வந்தது. உங்கள் தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

எர்ணாவூர் போனது, கத்திவாக்கம் போனது, வண்டி சலங்கை கட்டின மாதிரி ஓடியது. எண்ணூர் தொட்டுத் திரும்பும் வழியில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. ஒரு பக்கம் டிரெய்லர்கள், மறுபக்கம் கடல் அரிக்காமல் இருக்கப் போட்ட கருங்கல். சௌமியா இன்ஜினை அணைத்தாள். கடலில் எவனாவது இன்ஜினை அணைப்பானா? கரை சேரும்வரை அது துடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று படகு பழக்கிய என் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது. லாரி வரிசையில் எவ்வளவு நேரம் நின்றாலும் நான் அணைத்ததே இல்லை. அதைச் சொன்னேன். "அதான் பாதி பெட்ரோல் நின்ன எடத்துலயே பூட்ச்சி" என்றாள் அவள்.

அந்த நேரத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற டிரெய்லர், பிரேக் பிடிக்காமலோ என்னவோ, பின்னால் நழுவத் தொடங்கியது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வீடு ஒன்று நகர்ந்து வருகிற மாதிரி வந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, உங்கள் தங்கை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மட்டும் காதில் விழுந்தது. சௌமியா வண்டியைக் கிளப்பி, ரிவர்ஸ் போட்டு, கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டாள். "கத்தாதப்பா, அந்தப் பக்கம் கல்லு இடிக்குதா பாரு, போதும்" என்றாள். பார்த்தேன். ஒரு கை அகலம் இருந்தது, பின்னால் நல்லவேளையாக வண்டி எதுவும் இல்லை. அந்த அகலத்துக்குள் நேர்கோடு போட்ட மாதிரி வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே போய், இரண்டு டிரெய்லருக்கு நடுவில் இருந்த சந்தில் வளைத்து நிறுத்தினாள். நழுவிய லாரி நாங்கள் நின்றிருந்த இடத்தைத் தாண்டி ஒரு கல்லில் முட்டி நின்றது. நான் இதுவரை ஐந்தடிக்கு மேல் ரிவர்ஸ் எடுத்தவன் இல்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

பக்கத்து லாரியிலிருந்து தாடி வைத்த டிரைவர் ஒருவர் எட்டிப்பார்த்தார். "இன்னா நைனா, உன் பொண்ணா? கை ஆடவே இல்லியே" என்றார். என் பொண்ணுதான் என்றேன். அதோடு நிற்காமல் இறங்கிப் போய், வரிசையில் நின்ற ஒவ்வொரு லாரிக்காரரிடமும் சொல்லிக்கொண்டே போனேன். அவர்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னேன். திரும்பி வருவதற்குள் வழி திறந்து, என் வண்டிக்குப் பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் அந்த ஒரு கேன் பெட்ரோல் தீரவில்லை. நீங்கள் கொடுத்தது நல்ல வண்டி. மீன் ஏலம் நடக்கிற இடத்தில் போய், என் மச்சான் கொடுத்தது தங்கம் என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். வஹாப் பாய்க்கு ஒரு கூடை இறால் கொடுத்தேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கொக்கி மாதிரியே ஒரு குமிழை வைத்துவிட்டு, அது கொக்கி இல்லை என்று விற்கும்போது நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. சௌமியாவுக்கு ஸ்டியரிங் பழக்கியதற்கு உங்களுக்கு நான் என்ன செய்தாலும் தகும். இந்தக் கடிதத்துக்கு முறையாகப் பதில் எழுதுங்கள். பதில் கிடைத்ததும் ஒரு நல்ல நாள் பார்த்து, குடும்பத்தோடு வந்து உங்கள் வாசலில் நிற்பேன். திருவான்மியூர் வரை நான் ஓட்டுவேன், அதற்கு மேல் பிள்ளை ஓட்டும். பிறகு நீங்கள் எங்கள் வாசற்படி மிதிக்க வேண்டும்.

அக்காவுக்கு என் கும்பிடு. உங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் குறைவில்லாமல் எரிய வடிவுடையம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் உறவு மாறாத,
பொ. பொன்னுரங்கம்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் இப்போது வீண். கடிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் தங்கை என்னிடம் நேராகவே பேசினாள். "லெட்டரு போய், பதிலு வந்து, அதுக்குள்ள எங்கண்ணனுக்கு வயசாயிடும். நாங்க இப்பவே போறோம், நீயும் வா" என்றாள். பதில் வராமல் மச்சான் வாசலில் போய் நிற்பது என் மரியாதைக்குக் குறைவு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, அவளும் சௌமியாவும் கருவாட்டு மூட்டையோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தெரு முனையில் வண்டி திரும்பும்போது குப்பமே நின்று பார்த்தது. அதைப் பார்த்த பிறகு மரியாதையாவது ஒன்றாவது என்று தோன்றிவிட்டது. இதை பஸ் ஸ்டாப்பில் நின்று எழுதுகிறேன், தபாலில் போடாமல் கையிலேயே கொண்டு வருகிறேன். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், பின்னால் பஸ்ஸில் வந்து இறங்கியவர், கார் ஓட்டி வந்த பெண்ணின் அப்பா என்று சொல்லிவையுங்கள்.