காற்றே இறங்காத சைக்கிள்

ஆயுளில் ஒரே ஒரு விஷயத்தையாவது மனைவியிடம் மறைத்தே தீருவது என்று மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்தார். குடித்தனம் தொடங்கிய நாளிலிருந்து அவர் மறைத்த எதுவும் சாயங்காலம் வரை தாங்கியதில்லை. இது தாங்கியே ஆக வேண்டும்.

மகன் காய்ச்சலில் போய் ஒரு வருடம். அவன் அறையில் நின்ற கார்பன் சட்டம் போட்ட சைக்கிளைக் காட்டி, "அதுல யாரும் கை வைக்கக் கூடாது. நீங்களுந்தான்" என்று மனைவி சொல்லியிருந்தாள். தொட்டது தெரிந்தால் உடைந்துபோவாள். இனி அவருக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

அப்படியும் கை வைத்தார். விடிந்தும் விடியாததுமாக, "நடந்துட்டு வரேன்" என்று கம்பி நீட்டுவது இரண்டு மாதமாக நடக்கிறது.

"இதுல ஒரு தடவை மலை ஏறிப் பாருப்பா" என்று மகன் கெஞ்சியதுண்டு. "அதுக்கு எடையே இல்ல, எனக்கு எடையத் தவிர வேற இல்ல. பொருத்தம் சரியில்லடா" என்று சிரித்து மழுப்பிவிட்டார். இப்போது ஏறுகிறார். பழைய இரும்புச் சைக்கிள் பாதி மிதியைத் தானே தின்றுவிடும். இதுவோ மிதித்ததை அப்படியே சக்கரத்துக்குக் கொடுத்தது. எழுந்து நின்று மிதித்தால், கீழே சைக்கிள் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. அந்த ஏற்றத்தில் கனமாக இருந்தது அவர் மட்டும்தான். மேல் வளைவில் இறங்கி, வீட்டில் அழ முடியாததையெல்லாம் அழுதுவிட்டு வருவார்.

அன்று சத்தம் கேட்காமலிருக்கச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தால், வாசலிலேயே மனைவி நின்றாள்.

"நடந்தீங்களா?"

"நடந்தேன்."

"தோள்ல என்ன?"

"இதுவா? தூசி தட்டலாம்னு..."

"மலை மேலயா?"

"தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னுதான்..."

"அது இருக்கட்டும். ரெண்டு மாசமா டயருக்குக் காத்து யாரு அடிச்சா?"

"இதுக்கெல்லாம் காத்து இறங்காதும்மா. கார்பன்!"

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க. நம்ம புள்ள உங்களவிட ஒரு சாண் உசரம். சீட்டு தானாவா எறங்குச்சு?"

அவர் சைக்கிளைப் பார்த்தார். முதல் நாளே கால் சரியாக எட்டியது அப்போதுதான் உறைத்தது.

"அப்ப ஏன் தொடாதேன்னே?"

"போங்கன்னா போயிருப்பீங்களா? எந்நேரமும் நாற்காலியில உக்காந்து செவுத்தையே பாத்துட்டிருந்தீங்க. அவனும் போய், நீங்களும் இப்படி ஆயிட்டா நான் யாரோட பேசுறது?"

இருவருமாக வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்கள். பிறகு அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு அழுதுட்டு வரும்போது அப்படியே பால் வாங்கிட்டு வந்துடுங்க. வழிதானே."