கவுன்சிலர் வீட்டுப் படி

வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது ராஜபாண்டி ஒரு நாள்தான் வருத்தப்பட்டான். மறுநாளே தெளிந்துவிட்டான். போஸ்டரில் மனைவி, நாற்காலியில் தான். ஊர் உலகத்தில் நடக்காததா? சுபலட்சுமி ஜெயித்தாள். ராஜபாண்டி தனக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தான். இப்போது அந்தச் சட்டைகளைப் பார்த்தாலே அவனுக்கு வயிறு எரிகிறது.

நல்ல மனுஷன்தான், பாவம். சென்ட்ரிங் தகடு வாடகைக்கு விடுகிறவன். அடுத்தவன் காசுக்கு ஆசைப்படாதவன். ஒரே ஒரு கிறுக்குதான் உண்டு, முதல் மரியாதை. கோயிலில் பரிவட்டம் முதலில் அவன் தலைக்கு வரவேண்டும். பந்தியில் முதல் இலை அவனுக்கு விழவேண்டும். இழவு வீட்டில்கூட முதல் மாலை தன்னுடையதா என்று பார்த்துவிட்டுத்தான் அழுவான். இதில் அவனுக்குப் போட்டி எதிர்வீட்டுக் காளையன். ஒன்றுவிட்ட மச்சான்.

அந்தத் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வீடெல்லாம் பள்ளத்துக்குள் போய்விட்டது. ராஜபாண்டி சும்மா இருப்பானா? வாசலை உயர்த்தினான். கிரானைட் படி கட்டி, மேலே போர்ட்டிகோ எழுப்பினான். மற்றவர்கள் சாக்கடை வாறுகாலுக்கு மேல் கல் பலகை போட்டுத் தாண்டினார்கள். இவன் போர்ட்டிகோ தூணை வாறுகாலுக்கு உள்ளேயே இறக்கினான்.

அதன்பிறகு மழை பெய்தால் பக்கத்து வீட்டு முத்துத்தாயின் இட்லிக் கடைக்குள் முழங்கால் தண்ணீர். அவள் குண்டானால் மொண்டு மொண்டு ஊற்றுவாள். ராஜபாண்டி போர்ட்டிகோவில் காபி குடித்தபடி, "மாநகராட்சி சரியில்ல" என்பான்.

ஒருநாள் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது சுபலட்சுமி பேச்செடுத்தாள்.

"என்னங்க, வாறுகால அடைச்சுக் கட்டினதெல்லாம் எடுக்கணுமாம். எஞ்சினியர் சொல்லிட்டாரு."

"எடுக்கட்டும். நம்ம படியத் தொட்டா நடக்கிறதே வேற."

"நம்மளத யாரு கேட்டா? காளையன் அண்ணே வீட்டுலதான் ஆரம்பிக்கிறாப்புல."

"ரொம்ப நல்லது."

"மேளம் சொல்லியிருக்கு. ஊருக்காக மொத ஆளா விட்டுக்குடுக்கிறவருக்கு மாலை, பொன்னாடை. பூசாரி வந்து பரிவட்டம் கட்டுறாராம்."

ராஜபாண்டி கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"பரிவட்டமா? காளையனுக்கா?"

"பேப்பர்ல போட்டோவும் போடுவாகளாம்."

"கவுன்சிலர் வீடு இங்க இருக்கு, மரியாதை எதிர்வீட்டுக்குப் போகுமா? நாளைக்கு நான் தெருவுல தலை காட்ட வேணாம்?"

"வேணாம்ங்க. பாத்துப் பாத்துக் கட்டினீக. கிரானைட்டு."

"கிரானைட்டு கெடக்குது, கழுத! மொதல்ல நம்ம வீடுதான்னு சொல்லு."

"பெறகு என்னைய வையக் கூடாது."

"ராஜபாண்டி சொன்னாச் சொன்னதுதான்!"

"என்னமோ, நீங்க சொன்னாச் சரி" என்று பெருமூச்சு விட்டு, அயிரைமீன் குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றினாள். அந்தப் பெருமூச்சை மனுஷன் கவனித்திருக்க வேண்டும். குழம்பைக் கவனித்தான்.

தவில் முழங்கியது. பரிவட்டம் ஏறியது. முதல் கடப்பாரை போட்டவனும் ராஜபாண்டிதான். ஜேசிபி வந்து போர்ட்டிகோவைப் பிய்த்து, தூணை வேரோடு பிடுங்கியது. தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீர் திமுதிமுவென்று ஓடியது. முத்துத்தாய் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாருக்கணும் தம்பி. இனிமே என் கடை அடுப்பு நனையாது."

அவனுக்கு அந்தக் கையைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தண்ணீர் மொண்டு மொண்டே காய்த்துப்போன கை. இத்தனை மழைக்கும் காபி குடித்துக்கொண்டல்லவா பார்த்திருந்தோம் என்று மனசு குறுகியது.

திரும்பிப் பார்த்தால் ஜேசிபி காளையன் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"சார், எதிர்வீடு?" என்று பதறினான்.

"அங்கெல்லாம் பலகைக் கல்லுதானே? தூக்கி, மண்ணை அள்ளிட்டுத் திரும்பப் போட்டுருவோம்" என்றார் எஞ்சினியர். "அடைப்பு உங்க தூண் ஒண்ணுதான்."

காளையன் அருகில் வந்து மாலையைத் தொட்டுப் பார்த்தான்.

"நல்ல மாலை மாப்ள."

"நீதான மொதல்ல உன் வீட்டை இடிக்கச் சொன்ன?"

"நானா? எங்கிட்ட யாரு கேட்டா? தவில் சத்தம் கேட்டுத்தான் வெளியவே வந்தேன்."

கூட்டம் கலைந்தது. வாய் பிளந்து கிடந்த வாறுகாலுக்கு இந்தப் பக்கம் மாலையும் பரிவட்டமுமாக ராஜபாண்டி. அந்தப் பக்கம், நிலைவாசலில் சுபலட்சுமி.

"எல்லாம் ஒனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தூணு இறக்கையிலயே தெரியும். அன்னைக்கே சொன்னேன். ஒனக்கென்ன தெரியும்னு கேட்டீக."

கேட்டிருந்தான். நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்குக் காது கொடுத்திருந்தால் கிரானைட்டும் மிஞ்சியிருக்கும், முத்துத்தாயும் நனைந்திருக்க மாட்டாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவளை அறியாமல் போனோமே என்று அவனுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"சரி, விடு. இப்ப வீட்டுக்குள்ள நான் எப்படி வாரது? ஒரு பலகைக் கல்லாவது போடச் சொல்லு."

"மனு எழுதிக் குடுங்க" என்றாள் கவுன்சிலர். "ஒங்களுக்கு முன்னாடி அம்புட்டுப் பேரு வரிசைல நிக்கிறாக."